எந்த அலுப்பு உங்களுக்குத் தாங்கும்?

மலேசியாவில் ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வை முடித்த பிள்ளைகளிடம் "உனக்கு என்ன பிடிக்கும்?" என்று நான் கேட்பதில்லை. பதினேழு வயதில் போன வாரம் பிடித்தது இந்த வாரம் பிடிக்காது. அதை நம்பி மூன்று நான்கு வருடப் படிப்பில் இறங்கச் சொல்ல எனக்கு மனம் வராது. நான் கேட்பது இது: "எந்த வேலையை யாரும் சொல்லாமலே உட்கார்ந்து முடிப்பாய்? கூட இருப்பவர்கள் 'போதும்டா சாமி' என்று எழுந்து போன பிறகும் உனக்கு எது அவ்வளவாக அலுக்காது?"

ஒவ்வொரு துறைக்கும் அதற்கே உரிய ஓர் அலுப்பு இருக்கிறது. சட்டம் படிப்பவர் வாதாடுவதைவிட அதிகமாகச் செய்வது பழைய தீர்ப்புகளைப் பக்கம் பக்கமாகப் படிப்பதுதான். கணக்கியலில் ஐந்து வெள்ளி இடிக்கிறது என்றால், அது எங்கே போனது என்று ரசீது ரசீதாகத் தேட வேண்டும். கணினி அறிவியலில் நேற்று ஓடிய நிரல் இன்று ஏன் ஓடவில்லை என்று நடுநிசி வரை விழித்திருக்க வேண்டும். நுண்ணுயிரியலில் ஒரே சோதனையை ஒரே மாதிரி திரும்பத் திரும்பச் செய்து, ஒவ்வொரு தடவையும் பதிவேட்டில் எழுத வேண்டும். கல்லூரி விளம்பரத் தாளில் கறுப்பு அங்கி இருக்கும், ஸ்டெதஸ்கோப் இருக்கும்; இந்த வேலைகள் இருக்காது. ஆனால் படிக்கும்போதும், வேலைக்குப் போன பிறகும், நம் நாட்களை நிரப்பப் போவது இவைதான்.

நான் பினாங்கில் குவாண்டிட்டி சர்வேயராக வேலை செய்கிறேன். சுருக்கமாக கியூ.எஸ். என்பார்கள். ஒரு கட்டடம் எழும்புவதற்கு முன்னால், வரைபடத்தை வைத்து எவ்வளவு மண் தோண்ட வேண்டும், எவ்வளவு கான்கிரீட், எவ்வளவு கம்பி, எத்தனை சதுர மீட்டர் சுவர் என்று அளந்து பட்டியல் போடுவது எங்கள் வேலை. அந்தப் பட்டியலைத்தான் பி.கியூ. என்கிறோம். குத்தகையாளர்கள் அதில் விலை போட்டு டெண்டர் தருவார்கள். வேலை நடக்கும்போது ஒவ்வொரு மாதமும் எவ்வளவு முடிந்திருக்கிறது என்று மதிப்பிட்டுப் பணம் கொடுக்கச் சிபாரிசு செய்வதும், கடைசியில் கணக்கை முடிப்பதும் நாங்கள்தான். 1967ஆம் ஆண்டிலிருந்தே இந்தத் தொழிலுக்கு நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. பதிவு செய்ய வாரியம் இருக்கிறது. இருந்தும் நம் வீடுகளில் டாக்டர், லாயர், இஞ்சினியர் என்று அடுக்கும்போது இதன் பெயர் வாயில் வராது.

எனக்கு இது கிடைத்தது எஸ்.பி.எம். முடிந்த பிறகு வந்த விடுமுறையில். மாமா ஒருவர் கட்டுமான சைட்டில் கங்காணியாக இருந்தார். அவர் சொல்லி, பட்டர்வொர்த்தில் ஒரு சீன குத்தகையாளரின் அலுவலகத்தில் தற்காலிக வேலை. டைப் அடிக்கவும் போட்டோகாப்பி எடுக்கவும் கூப்பிட்டார்கள். மூலை மேசையில் ஓர் அக்கா பெரிய வரைபடத்தை விரித்து வைத்து, அளவுகோலால் அளந்து, அளந்த சுவரை எல்லாம் மஞ்சள் ஹைலைட்டரால் பூசிக்கொண்டே போவார். பூசாத கோடு மிச்சம் இருந்தால் அது இன்னும் அளக்காத சுவர் என்று அர்த்தம். பக்கத்தில் நான்கு பத்திகள் போட்ட ஒரு தாள். முதல் பத்தியில் எத்தனை மடங்கு, அடுத்ததில் அளவு, அடுத்ததில் பெருக்கிய விடை, கடைசியில் அது என்ன வேலை என்ற விவரம்.

ஒரு நாள் அவர் எனக்கு ஒரு சின்னக் கட்டடத்தின் அஸ்திவாரத்தைக் காட்டினார். வெளிப்பக்கம் 10 மீட்டருக்கு 6 மீட்டர். சுற்றளவு 32 மீட்டர். "இதை அப்படியே எழுதினால் தப்பு" என்றார். சுவருக்குத் தடிப்பு இருக்கிறது. வெளி விளிம்பை வைத்து அளந்தால் நான்கு மூலையிலும் கூடுதலாகக் கணக்கு ஏறிவிடும். சுவரின் நடுக்கோட்டைத்தான் எடுக்க வேண்டும். தடிப்பு 0.115 மீட்டர் என்றால், அதை நான்கால் பெருக்கி 0.46ஐக் கழிக்க வேண்டும். 31.54 மீட்டர். பள்ளம் தோண்டுவது, அடியில் கான்கிரீட் ஊற்றுவது, மேலே செங்கல் வைப்பது எல்லாமே அந்த ஒரே எண்ணை நம்பித்தான் நிற்கும். அது பிசகினால் கீழே உள்ள அத்தனை வரியும் பிசகும். அன்று மாலை அலுவலகம் மூடும் வரை, எனக்குக் கொடுத்த டைப் வேலையை முடித்துவிட்டு, பழைய பட்டியல் ஒன்றை எடுத்து வைத்து அந்த எண் எங்கிருந்து வந்தது என்று நானே போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பையன் "இதைப் பார்த்தாலே எனக்குத் தலை சுத்துது" என்று சொல்லிவிட்டுத் தே தாரேக் குடிக்கப் போய்விட்டான். அந்த அலுப்பு எனக்குத் தாங்கும் என்று அங்கேதான் தெரிந்தது.

இப்படி ஓர் அலுவலகம் எல்லாப் பிள்ளைகளுக்கும் வாய்க்காது, தெரியும். ஆனால் எஸ்.பி.எம்.முக்கும் முடிவுகளுக்கும் நடுவில் வரும் அந்த மாதங்களைப் போல ஒரு வாய்ப்பு மறுபடி வராது. பேரங்காடியில் காசாளர் வேலை பார்ப்பதும் நல்லதுதான், கைச்செலவுக்கு ஆகும். அதே சம்பளத்துக்கோ கொஞ்சம் குறைவாகவோ, நீங்கள் யோசிக்கிற துறைக்குப் பக்கத்தில் ஒரு வேலை கிடைத்தால் அதை எடுங்கள். மருந்துக்கடை, வழக்கறிஞர் அலுவலகம், கணக்காளர் அலுவலகம், அச்சகம், பாலர் பள்ளி. கோப்பு எடுத்துக் கொடுக்கிற வேலையாக இருந்தாலும் பரவாயில்லை; அங்கே நாள் முழுக்க யார் என்ன செய்கிறார்கள் என்று கண்ணால் பார்க்கலாம்.

ஆறாம் படிவம் முடித்து, அரசுப் பல்கலைக்கழக இடங்களுக்கான யூ.பி.யூ.வில் விண்ணப்பிக்கிற நேரத்தில் அப்பாவிடம் சொன்னேன். பிறையில் தொழிற்சாலை வேலை அவருக்கு.

"என்னம்மா இது, வீடு கட்டற படிப்பா?"

"இல்லப்பா. கட்டறதுக்கு முன்னாடி எவ்வளவு ஆகும்னு அளந்து கணக்குப் போடற படிப்பு."

"கணக்குன்னா அக்கவுண்டிங் படிக்கலாமே? அதுன்னா நாலு பேருக்குத் தெரியும்."

வாதம் செய்யவில்லை. ஒரு சனிக்கிழமை அவரை அதே அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். முதலாளியிடம் அப்பா மலாயில் கேட்டதை எல்லாம் இன்றும் பிள்ளைகளைக் கேட்கச் சொல்கிறேன். பினாங்கில் இந்த ஆட்களை யார் வேலைக்கு எடுக்கிறார்கள்? கட்டட வேலை மந்தமாகிற வருடங்களில் இவர்கள் என்ன செய்வார்கள்? பொம்பளப் பிள்ளை சைட்டுக்குப் போக வேண்டி வருமா? முதலாளி ஒளிக்காமல் சொன்னார்: போக வேண்டி வரும், தொப்பியும் பூட்ஸும் போட்டுக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டி வரும், ஆனால் பெரும்பாலான நாள் மேசையில்தான்; மந்தமான வருடத்தில் பழைய வேலைகளின் கணக்கு முடிக்கிற வேலை இருக்கும். அப்பா அதற்குமேல் கேட்கவில்லை. பெற்றோர் பயப்படுவது படிப்பைப் பார்த்து இல்லை, முகம் தெரியாத படிப்பைப் பார்த்து. அதைச் செய்து சாப்பிடுகிற ஒரு மனிதரைக் காட்டினால் பாதிப் பயம் போய்விடும்.

அப்புறம் மின்டனில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. இனி என் கதை போதும். என்னிடம் வந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்ததைச் சொல்கிறேன்.

முதல் வேலை, படிப்பின் பாடப் பட்டியலை எடுப்பது. பல்கலைக்கழகங்களின் இணையத்தளத்திலேயே இருக்கும். முதலாம் ஆண்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது அறிமுகப் பாடங்களும் பொதுப் பாடங்களும்தான், எந்தத் துறையிலும் கிட்டத்தட்ட ஒரே முகம். இரண்டாம், மூன்றாம் ஆண்டின் முக்கியப் பாடங்களைப் பாருங்கள். அங்கேதான் துறையின் சொந்த முகம் தெரியும். நம் நாட்டு விதிப்படி ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேர உழைப்பு. விரிவுரை, பயிற்சி, வீட்டில் படிப்பது எல்லாம் சேர்த்து. ஒரு பட்டப்படிப்புக்குக் குறைந்தது 120 கிரெடிட். பெருக்கினால் 4800 மணி நேரம். அத்தனை மணி நேரத்தை எதன்மேல் செலவழிக்கப் போகிறோம் என்று பாட வாரியாகப் பார்ப்பதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குவது அதிகமே இல்லை.

அடுத்து, அந்தப் படிப்பில் இரண்டாம் ஆண்டில் இருக்கும் ஒரு மாணவரைப் பிடித்து, அவர் எழுதிக் கொடுத்த ஓர் அசைன்மெண்டையோ ஆய்வக அறிக்கையையோ காட்டச் சொல்லுங்கள். "கோர்ஸ் எப்படி இருக்கு?" என்று கேட்டால் "ஓகேதான்" என்பார்; அதில் ஒன்றும் கிடைக்காது. அவர் செய்த வேலையைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

எங்கள் தாமானில் ஒரு தங்கச்சி உளவியல் படிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பள்ளியில் எல்லாரும் தங்கள் மனக்கஷ்டத்தை அவளிடம்தான் சொல்வார்களாம். நல்ல குணம்தான், ஆனால் அது ஒன்றை வைத்து உளவியல் பட்டத்தைத் தாண்ட முடியாது. பாடப் பட்டியலை எடுத்தோம். புள்ளியியல், ஆய்வு முறைகள், மறுபடி புள்ளியியல். ஒரு சீனியரிடம் இருந்து அறிக்கை ஒன்றை வாங்கினோம்: கேள்வித்தாள் கொடுத்து, பதில்களைக் கணினியில் ஏற்றி, எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளில் ஓட்டி, வந்த எண்களை விளக்கி எழுதியது. அவள் முகம் கொஞ்சம் வாடியது. பட்டம் முடித்ததும் அறை போட்டு ஆலோசனை சொல்ல உட்காரலாம் என்றும் நினைத்திருந்தாள். மருத்துவ உளவியலாளராக வேண்டுமென்றால் முதுகலை வரை போக வேண்டும், 2016ஆம் ஆண்டு துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் கீழ் வருகிற தொழில் அது என்று சொன்னேன். அவள் அறிக்கையை வீட்டுக்கு எடுத்துப் போனாள். ஒரு வாரம் கழித்து வந்து, "அக்கா, அந்த அட்டவணை முதல்ல புரியல, அப்புறம் புரிஞ்சப்ப நல்லா இருந்துச்சு" என்றாள். உளவியலையே முதல் தேர்வாகப் போட்டாள். நான் யாருடைய மனதையும் மாற்றுவதற்காக இதைச் செய்வதில்லை. எதற்குள் போகிறோம் என்று தெரிந்து போகட்டும் என்பதுதான்.

இதில் எனக்கு மிகவும் கவலை தருவது மருத்துவம் கிடைக்காமல் ஆறுதலுக்காக எடுக்கப்படும் படிப்புகள். "டாக்டர் கிடைக்கலன்னா பயோமெடிக்கல் போடு, கிட்டத்தட்ட அதேதான்" என்று யாராவது ஒரு மாமா சொல்லிவிடுவார். அதே இல்லை. உயிர்மருத்துவ அறிவியல் என்பது ஆய்வகத்துக்கான படிப்பு: ரத்த மாதிரி, திசு மாதிரி, கருவிகள், தர சோதனை. நோயாளியின் பக்கத்தில் நிற்கும் வேலையை ஆசைப்பட்டவருக்கு அது வேறு உலகம். ஆய்வகத்தை விரும்பி வருகிறவர்களுக்கு அது அருமையான துறை. ஆறுதல் பரிசாக வருகிறவர்கள்தான் உள்ளே வாடிப் போகிறார்கள். மருத்துவத்துக்கும் இதே பார்வை வேண்டும். ஐந்து வருடப் படிப்பு, பிறகு அரசு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக இரவும் பகலும். 2016 முதல் புதிய மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில்தான் சேர்க்கப்பட்டார்கள். அதை எதிர்த்து 2021 ஜூலை 26 அன்று அவர்கள் கறுப்பு உடையில் மருத்துவமனை வாசல்களுக்கு வந்து நின்றதைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். இது தெரிந்தும் "எனக்கு வேண்டும்" என்கிற பிள்ளையை நான் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்புவேன்.

இன்னொரு பையன், அண்ணன் மகன். வீட்டில் பழுதான மின்விசிறியை அவன்தான் பிரிப்பான். எஸ்.பி.எம்.மில் கூடுதல் கணிதம் சுமார்தான். "பட்டப்படிப்பு இல்லன்னா மரியாதை இல்ல" என்று அண்ணி ஏதாவது ஒரு தனியார் பட்டப்படிப்பில் தள்ளப் பார்த்தார். அவனை செபராங் பிறை பாலிடெக்னிக்கில் மின்பொறியியல் டிப்ளோமாவுக்கு அனுப்பலாம் என்று நான் அண்ணியோடு மல்லுக்கட்டினேன். பினாங்கில் இருந்துகொண்டு டிப்ளோமாவைக் குறைவாக நினைப்பது எனக்குப் புரியாத விஷயம். 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கிய அதே வருடம் இன்டெல் இங்கே வந்தது. அன்றிலிருந்து கைவேலையும் மூளையும் சேர்ந்த ஆட்களை இந்தத் தீவு தேடிக்கொண்டே இருக்கிறது. பயிற்சிக்காகவே தொழிற்சாலைகளும் மாநில அரசும் சேர்ந்து 1989இல் பினாங்கு திறன் மேம்பாட்டு மையத்தை அமைத்தார்கள். டிப்ளோமா முடித்துவிட்டுப் பட்டப்படிப்புக்குப் போக வழி இருக்கிறது. அவன் தொழில் பயிற்சிக்குப் போன தொழிற்சாலையில் சோதனைக் கருவிகளைப் பராமரிக்கும் பிரிவில் போட்டார்கள். வீட்டுக்கு வந்தால் அதைப் பற்றித்தான் பேச்சு.

தமிழ் படிக்க விரும்பும் பிள்ளைகளையும் மறந்துவிட வேண்டாம். மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956லிருந்து இருக்கிறது. ஆசிரியராக வேண்டுமென்றால் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கேயும் அதே கேள்விதான். மேடையில் கவிதை சொல்வது பிடிக்கும் என்பது போதாது; இலக்கண நூலையும் பழைய உரையையும் வைத்துக்கொண்டு வரி வரியாக உட்கார முடியுமா என்று பாருங்கள்.

இனி விண்ணப்பப் பாரம் நிரப்புகிற விஷயங்கள். இப்போது நான்காம் படிவத்தில் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பிரிப்பு இல்லை. 2020லிருந்து பாடத் தொகுப்புகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சுதந்திரம் கூடியிருக்கிறது, கவனமும் கூட வேண்டும். இயற்பியலும் கூடுதல் கணிதமும் எடுக்காத பிள்ளைக்குப் பொறியியல் வாசல் பெரும்பாலும் திறக்காது. அதனால் இந்தப் பேச்சை பதினைந்து வயதிலேயே வீட்டில் தொடங்குங்கள். ஆறாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.டி.பி.எம்., அல்லது மெட்ரிகுலேஷன் வழியாக அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்களுக்குத் தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வு முடிவு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கை. எல்லைக் கோட்டில் நிற்கும்போது அந்தப் பத்து பெரிய விஷயம். சான்றிதழ்களைத் தூக்கிப் போடாதீர்கள். யூ.பி.யூ.வில் கடைசி வரிசைகளை நிரப்புவதற்காக மட்டும் எதையும் போடாதீர்கள். அங்கே போட்டதும் கிடைக்கலாம். கிடைத்தால் போய்ப் படிக்கத் தயாரா என்று ஒவ்வொரு வரிக்கும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தனியார் கல்லூரி என்றால் அங்கீகாரத்தைப் பார்க்காமல் ஒரு வெள்ளிகூடக் கட்டாதீர்கள். மலேசியத் தகுதி நிறுவனமான எம்.கியூ.ஏ.வின் இணையத்தளத்தில் படிப்பின் பெயரையே தேடலாம். முழு அங்கீகாரமா, தற்காலிக அங்கீகாரமா என்று அதில் இருக்கும். தொழிலுக்கு வாரியம் உள்ள துறை என்றால் வாரியத்தின் பட்டியலையும் பாருங்கள். பொறியியலுக்குப் பொறியாளர் வாரியம். வெளிநாட்டுச் சட்டப் பட்டம் என்றால் இங்கே வழக்கறிஞராவதற்கான சி.எல்.பி. தேர்வு எழுத வேண்டி வரலாம். கட்டடக்கலையில் முதல் பட்டம் முதல் படி மட்டுமே. அத்தை மகளோடு கோலாலம்பூரில் ஒரு கல்விக் கண்காட்சிக்குப் போனபோது, "இன்றே பதிவு செய்தால் கட்டணத்தில் கழிவு" என்று ஒரு மேசையில் விடாமல் சொன்னார்கள். இரண்டாம் ஆண்டுப் பாடப் பட்டியலைக் கேட்டேன். அவர்களிடம் இல்லை. நான்கு வருடத்துக்கான பணத்தை அன்றே கேட்கிற இடத்தில் அந்த ஒரு தாள் இல்லை என்பது எனக்குக் கோபமாக இருந்தது. எழுந்து வந்துவிட்டோம். அரசின் உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என்.னும் அங்கீகாரம் உள்ள படிப்புக்குத்தான், அதையும் மனதில் வையுங்கள்.

இவ்வளவு பார்த்தும் உள்ளே போன பிறகு பொருந்தவில்லை என்றால்? நடக்கும். அப்போது ஒரு விஷயத்தைப் பிரித்துப் பாருங்கள்: வீட்டு ஏக்கமா, மொழிச் சிரமமா, அல்லது படிப்பேதானா? முதல் இரண்டும் நாள்பட நாள்படக் குறையும். விரிவுரை புரிந்தும், மதிப்பெண் வந்தும், அசைன்மெண்டைத் திறக்கவே மனம் வரவில்லை என்றால் அது படிப்புதான். முதல் செமஸ்டர் முடிவதற்குள் உங்கள் கல்வி ஆலோசகரைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு செமஸ்டர் தள்ளும்போதும் மாற்றுவது கடினமாகும், கடனும் ஏறும். வீட்டிலும் உடனே சொல்லுங்கள், பெற்றோர் முதல் நாள் திட்டினாலும். படித்த பாடங்கள் வீணாகாது. புதிய படிப்பில் உள்ள பாடத்தோடு உள்ளடக்கம் 80 விழுக்காடு ஒத்துப்போய், சி கிரேடோ அதற்கு மேலோ வாங்கியிருந்தால் கிரெடிட்டை மாற்றக் கேட்கலாம். அதற்கு ஒவ்வொரு பாடத்தின் வாராந்தர விவரத் தாள் வேண்டும். முதல் வகுப்பில் விரிவுரையாளர் கொடுக்கும் அந்தத் தாளை எல்லாரும் எங்கேயாவது போட்டுவிடுவார்கள். நீங்கள் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.